மஞ்சள் பட்ட கணக்கு

வியாழக்கிழமை தோறும் எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஒரு துணி மூட்டை நடந்து வரும். எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு இடையில் செம்மண் பாதையில் அது வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கிட்டே வந்த பிறகுதான் மூட்டைக்குக் கீழே ஓர் ஆள் இருப்பது தெரியும். அந்த ஆளுக்கும் கீழே, சேலைக் கரைக்கு அடியில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து.

பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. பக்கத்து வீட்டு ராசம்மா ஒரு தடவை கேட்டாள். "பேரு என்னாத்துக்கு? எனக்கு முன்னாடி மூட்டைதான் வந்துருதே, அதப் பாத்துக் கூப்புடு" என்று பதில் வந்தது. அதனால் எல்லாருக்கும் மூட்டைக்காரக்கா.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில் எங்கள் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலா சிலாங்கூர் போகிற சாலையில் இருந்தது. அக்காவுக்கு வீடு பத்தாங் பெர்ஜுந்தாய் மார்க்கெட்டுக்குப் பின்னால். வியாழன் எங்கள் பக்கம். வெள்ளிக்கிழமை பஸ் மாறி, பஸ் மாறி அம்பாங் பெச்சா, கெர்லிங் வரைக்கும் போவார். ஆறு வருடம் பார்த்திருக்கிறேன். கேட்ட பொருளுக்கு அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து நான் கேட்டதே கிடையாது.

சேலை, சாரோங், தலையணை உறை எல்லாம் மூட்டையில் இருக்கும். அது இல்லாமல் வேறு எதைக் கேட்டாலும், "கொண்டாந்துட்டாப் போச்சு" என்பார். சேலையின் தோள்பட்டையில் ஓர் ஊக்கை எடுத்துக் குத்திக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாது. ஓர் ஊக்கு என்றால் யாரோ ஒருவர் கேட்ட ஒரு பொருள். கொடுத்து முடித்ததும் ஊக்கைக் கழற்றிவிடுவார். எந்த ஊக்கு யாருடையது என்பது அவருக்குத் தெரியும். தோளில் பத்துப் பன்னிரண்டு ஊக்கு எப்போதும் மின்னும்.

ராசம்மா பேசுகிற கிளி வேண்டும் என்றாள். மூன்று வாரத்தில் கிளி வந்தது, நன்றாகவும் பேசியது. ஆனால் மலாய் மட்டும்தான் பேசியது. விடிந்ததும் விடியாததுமாக ராசம்மாவைப் பார்த்து "சுடா மாக்கான்?" என்று சாப்பாட்டை விசாரிக்கும்.

"என்னாக்கா இது, நம்ம பாஷ பேச மாட்டேங்குது?"

"பேசுற கிளின்னுதான கேட்ட? என்ன பாஷைன்னு நீ சொல்லவே இல்லியே லா."

கடைசி வீட்டுக்காரி ஒருத்தி, புருஷன் குடியை நிறுத்த ஏதாவது மருந்து கிடைக்குமா என்று அழுதாள். அக்கா ஊக்கைக் குத்திக்கொண்டு போனார். அடுத்த வியாழக்கிழமை சபாக் பெர்ணத்திலிருந்து அந்தக் குடிகாரனுடைய அம்மாவைக் கையோடு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து இறக்கினார். மூன்று மாதம் அவன் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "மருந்து கேட்டா மாமியாளக் கொண்டாந்துட்டாளே பாவி" என்று அந்தப் பெண்தான் பிறகு லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

என்னிடமும் ஒவ்வொரு வாரமும் கேட்பார். "உனக்கு என்ன வேணும் தங்கச்சி?"

"ஒண்ணும் வேணாங்க்கா."

நான் எப்போதும் கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தவள். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் தலையைக் குனிந்துகொள்வேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாயில வந்ததும் சொல்லு" என்பார். வலது தோள் ஓரமாக ஒரு துருப்பிடித்த ஊக்கு இருந்தது. அது என்னுடையதுதான் என்று ஒருநாள் சொன்னார். ஒன்றும் கேட்காதவளுக்கு எதற்கு ஊக்கு என்று எனக்குப் புரியவில்லை.

மூட்டையோடு அவர் இன்னொரு வேலையும் செய்தார். கல்யாணத்துக்கு ஜாதகம் கொண்டுபோய்க் கொடுப்பது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நாலாக மடித்த ஜாதகங்கள் மூட்டையின் நடுவில் தலையணை உறைகளுக்குள் கிடக்கும். கெர்லிங் பெண்ணின் ஜாதகம் கோலா சிலாங்கூருக்கு வரும், இங்குள்ளது அங்கே போகும். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வம்பு வந்தது அங்கேதான்.

என் மகள் கமலா அப்போது ஆறாம் படிவத்தின், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பின், இரண்டாவது வருடத்தில் இருந்தாள். எங்கள் லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போனவள் அவள் ஒருத்திதான். எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பரீட்சையில் ஒரு பாடம் தோற்றுச் சிவப்பு மையில் வந்தாலும் படிப்பை நிறுத்திவிட வேண்டும். ராவாங்கில் தொழிற்சாலைக்குப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள், பஸ் தோட்டத்து வாசலுக்கே வருகிறது. சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படிப்பட்ட ஆள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். பதிலுக்கு ஆள் வரவில்லை. புத்தகத்தில் ஒரு கணக்கு இருந்தது. மலாயில் அதற்கு ஒரு பெயர், இங்கிலீஷில் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அவளுக்கு அதைப் போட வரவில்லை. நோட்டில் எழுதுவாள், அடிப்பாள், காகிதத்தைக் கசக்கி வீசுவாள். பரீட்சை அடுத்த புதன்கிழமை.

வியாழக்கிழமை மூட்டைக்காரக்கா வந்து, "எம்மா கமலா, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது அவள் எரிச்சலில் இருந்தாள்.

"டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் போடத் தெரிஞ்ச ஆளு வேணும் பெரியம்மா. உங்க மூட்டையில இருக்கா?"

அக்கா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அது என்னா, சொல்லு."

"ஒரு தொட்டி. உப்புத் தண்ணி ஒரு பக்கம் உள்ள வருது. இன்னொரு பக்கம் ஓட்டை வழியா வெளிய போவுது. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள எவ்ளோ உப்பு இருக்கும்? அதான் கணக்கு."

"ஓட்டைத் தொட்டியில எவன் உப்பப் போட்டான்?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது பெரியம்மா."

"மொதல்ல ஓட்டைய அடைக்கலாம்ல?"

"அடைச்சா கணக்கு இல்ல."

"இதப் படிச்சு என்னா ஆவப் போற நீ?"

"இதுல தோத்தா ராவாங் பாக்டரிக்குப் போவேன். அப்பா சொல்லிட்டாரு."

கிண்டலாகப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு அந்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது. அக்கா தலையை ஆட்டினார். "கெர்லிங்ல ஒரு தம்பி இருக்கு. கணக்கு வாத்தியாரு. அவங்கம்மாவுக்கு நாந்தான் சேலை குடுக்குறேன். எழுதிக் குடு, கொண்டாந்துட்டாப் போச்சு." தோளில் ஒரு புது ஊக்கு ஏறியது.

கமலா ஒரு பெரிய தாளில் எழுதினாள். மேலே தன் பெயர், தோட்டத்தின் பெயர். நடுவில் தொட்டியின் படம். உள்ளே வரும் தண்ணீருக்கு ஓர் அம்பு, வெளியே போகும் தண்ணீருக்கு ஓர் அம்பு. பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு அதற்குள் எண்கள். கீழே தான் போட்ட வழி. எழுதி முடித்ததும் பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது. அவளுக்கு அன்று மத்தியான வகுப்பு. தாளை மேசையில் வைத்துவிட்டு, "ம்மா, மடிச்சுக் குடுத்துருங்க" என்று ஓடிவிட்டாள். நான் பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து, மூலைக்கு மூலை சேர்த்து நாலாக மடித்து அக்கா கையில் கொடுத்தேன். அவர் அதைத் தலையணை உறைக்குள் செருகிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது.

முதலில் இறங்கியது பழத்தட்டு. அதற்குப் பின்னால் பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மாள். அப்புறம் மெலிந்து உயரமாக, கண்ணாடி போட்ட ஒரு பையன். கடைசியில் மூட்டைக்காரக்கா. அவர் முகத்தைப் பார்த்ததும் நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். சிரிப்பை அடக்குகிற முகமாக இருந்தது.

அந்த அம்மாள் உட்கார்ந்ததும் நேரே என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "கேட்டுச் சொல்லிட்டு வந்துருக்கணும். ஆனா பண்டிதரு, பத்துக்கு எட்டு பொருத்தம், தள்ளிப் போடாதீங்கன்னுட்டாரு. எம் மவன் கெர்லிங்ல வாத்தியாரு."

என் வீட்டுக்காரர் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர். யார் ஜாதகம் கொடுத்தது என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வாத்தியார் மாப்பிள்ளை வீடு தேடி வந்துவிட்டார், அது போதும். சட்டையை மாட்டிக்கொண்டு, "கமலாவ வரச் சொல்லு" என்றார் என்னிடம்.

சமையல்கட்டில் கமலா கத்தியை வைத்துக்கொண்டு வெங்காயத்துக்கு முன்னால் விறைத்து உட்கார்ந்திருந்தாள். அக்கா பின்னாலேயே வந்தார்.

"பெரியம்மா, என்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. வாத்தியாரு வீட்டுல இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு, அவங்கம்மா கையில குடுத்தேன். தம்பி பாத்துட்டுப் பதில் சொல்லட்டும், அவசரம்னேன். இன்னைக்குக் காலையில கார் வந்து என் வாசல்ல நிக்கிது. ஏறி உக்காந்தப்புறம்தான் தாம்பாளத்தப் பாக்குறேன்."

"அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா கார் திரும்பிப் போயிருக்கும். உள்ள இருந்தது யாரு? கணக்கு வாத்தியாரு. உனக்குப் பரீட்சை என்னைக்கு? புதன்கெழம. எந்திரி, எந்திரி. சேலையக் கட்டு, நோட்ட எடு. ரெண்டும் எடு."

நான் கலக்கிய காப்பி, அவள் கையில் தட்டு. தட்டுக்கு அடியில் நோட்டு. அவள் போய் நின்றதும் அந்தப் பையன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். அவள் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

"மூணாவது வரி தப்பு" என்றார்.

கமலா தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "எங்க சார்?"

அதற்கப்புறம் இரண்டு பேரும் நிமிரவில்லை. வெளியே போகிற உப்பு எப்போதும் ஒரே அளவு என்று இவள் எழுதிவிட்டாளாம். அந்தந்த நேரத்தில் உள்ளே எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வெளியே போவதும் மாறும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். இவள் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினாள். அவர் இன்னொன்று கொடுத்தார். காப்பியில் ஆடை படிந்தது.

"பாத்தீங்களா, பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேங்குதுங்க" என்று பையனின் அம்மா பூரித்துப்போனார். "பண்டிதரு சொன்னது சரியாத்தான் இருக்கு. மலாய்ல எழுதுன ஜாதகத்த இப்பத்தான் பாக்குறேன்னாரு. கட்டத்துக்குள்ள தண்ணி வருது, போவுது, பொண்ணு தாராளமான கை, ஆனா வீட்டுல உப்புக்குக் கொறைவே வராதுன்னாரு."

கமலா விலுக்கென்று நிமிர்ந்தாள். "எது ஜாதகம்?"

"இதாம்மா, உன் ஜாதகம்."

"ஐயோ, இது என் வீட்டுப்பாடம்!"

பக்கத்து வீட்டில் ராசம்மாவின் கிளி யாரையோ சாப்பிட்டாயா என்று கேட்டது.

"நான் வெள்ளிக்கிழமையே சொன்னேம்மா" என்றார் பையன் மெதுவாக. "பண்டிதருக்குத் தெரியாதது உனக்கு என்னடா தெரியும்னு நீங்கதான் என் வாய அடைச்சீங்க." சொல்லிவிட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கமலாவுக்கும் வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது.

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். "அப்ப இந்த மஞ்சள்? நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி அனுப்புனது யாரு? கட்டிக் குடுக்குற எண்ணம் இல்லாமயா தடவுனீங்க? வயசான பொம்பளய கார் வச்சு வரவழைச்சு வெளையாடுறீங்களா?"

தாளை விரித்துக் காட்டினார். நான்கு மூலையிலும் மஞ்சள், அழுத்தமாக.

என் வீட்டுக்காரர் கமலாவைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "நீதான பண்ணுன? இதுக்குத்தான் ஒன்னப் படிக்க அனுப்புனனா? போதும்லா படிச்சது. நாளையிலேர்ந்து ஸ்கூலுக்குப் போவக் கூடாது. பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அப்பா, சத்தியமா நான் இல்லப்பா!"

கதவுக்குப் பின்னால் பாதி உடம்போடு நின்ற நான் என் கையைப் பார்த்தேன். வியாழக்கிழமை மீனுக்குத் தடவிய மஞ்சள் நகக்கண்ணில் இன்னும் இருந்தது. மூலைக்கு மூலை சேர்த்து மடித்தது நான்தான். பாவாடையில் ஒரு துடை துடைத்தால் போகிற மஞ்சளா அது? சொல்லிவிட வேண்டும். இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால், அவருடைய அந்தக் கோபத்துக்கு முன்னால், என்னால் முடியவில்லை. மூட்டைக்காரக்காவைப் பார்த்தேன். என் பிள்ளையின் படிப்பு என் கண் எதிரே போய்க்கொண்டிருந்தது.

"புள்ளைய ஏன் வையிற?" என்றார் மூட்டைக்காரக்கா. "தடவுனது நான்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"மூட்டைக்குள்ள அஞ்சு ஜாதகம் கெடந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியுமா? கட்டம் போட்டுருந்துச்சு, எண்ணு போட்டுருந்துச்சு. பழக்க தோஷம், கை தானாப் போயி தடவிருச்சு. அதுக்கு இந்தப் புள்ள என்ன பண்ணும்?"

கோபம் அப்படியே அவர் பக்கம் திரும்பியது. இனி கெர்லிங்கில் எந்த வீட்டுப் படியும் நீ ஏற முடியாது என்று அந்த அம்மாள் சொன்னார். இந்த லயத்தில் உன் மூட்டை வரவே கூடாது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அக்கா இரண்டுக்கும் தலையை ஆட்டினார். பழத்தட்டு திரும்பக் காரில் ஏறியது. பையன் மட்டும் தாளைக் கமலாவிடம் கொடுத்து, "கடைசிக் கணக்கையும் போட்டுப் பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவைக் காரில் ஏற்றவில்லை. அவர் வெயிலில் பெரிய சாலைக்கு நடந்தார். மூட்டை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். ரொம்பச் சின்ன உருவம். சப்பாத்துதான் பெரிதாகத் தெரிந்தது.

கமலா புதன்கிழமை பரீட்சைக்குப் போனாள். வேறொரு தொட்டி, வேறோர் உப்பு. தேறிவிட்டாள். அவளுடைய அப்பாவும் சொன்ன சொல்லை மீறவில்லை, மேலே படிக்கவிட்டார்.

தீபாவளி நெருங்கியது. வியாழக்கிழமைகளில் பாதை வெறுமையாகக் கிடந்தது. ராசம்மா என் முகத்தைப் பார்த்தாலே முணுமுணுப்பாள். ஒருநாள் என் வீட்டுக்காரருடைய பழைய ரேடியோவில் நிலையம் மாற்றுகிற திருகு உடைந்துவிட்டது. நான்கு கடை ஏறி இறங்கினார், எங்கேயும் கிடைக்கவில்லை. சாயங்காலம் மௌனமான ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அந்தம்மா இருந்திருந்தா எங்கேருந்தாவது கொண்டாந்துருக்கும்" என்றார், யாரிடமோ சொல்வது போல.

மறுநாள் காலை நான் தனியாகப் பஸ் ஏறினேன். தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. மார்க்கெட்டுக்குப் பின்னால் விசாரித்துப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, லயத்துக்கு" என்றேன்.

"உன் வூட்டுக்காரரு சொன்னாரா?"

"ரேடியோவுக்குத் திருகு வேணுமாம்."

"அப்பச் சரி" என்றார்.

திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் இரண்டு மாதமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததை அங்கே, யாருமில்லாத வாசலில், சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

"அக்கா, அன்னைக்கு அந்த மஞ்சள்..."

அவர் என்னை முடிக்கவிடவில்லை. தோளில் கைவைத்து ஓர் ஊக்கைக் கழற்றினார். "இது கணக்குக்கு." பிறகு வலது ஓரத்திலிருந்த துருப்பிடித்த ஊக்கைக் கழற்றினார். "இது உனக்கு. ஆறு வருசமா குத்திக்கிட்டுக் கெடந்துச்சு."

"நான் ஒண்ணும் கேக்கலியேக்கா."

"வாயால கேக்கல. அன்னைக்குக் கதவோரம் நின்னு என்னப் பாத்தியே, அது என்னாவாம்? பழியத் தாங்க ஒரு ஆளு வேணும்னுதான? கொண்டாந்தேன்ல?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா ரேடியோ திருகுக்காக ஒரு புது ஊக்கை எடுத்துத் தோளில் குத்திக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, நகங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, மீனுக்கு மஞ்சள் கொஞ்சம் கம்மியாப் போடு."